கல்லாற்றில் டூப்ளிகேட் சரக்கு!

ஊட்டிக்குப் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், புது மனைவியோடு போய் ஏரியில் படகு விட்டு, வாடகைக் குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். இரண்டாவது ரகம், ஆபீஸ் நண்பர்களோடு வேன் பிடித்துப் போய், ஊட்டி எந்தத் திசையில் இருந்தது என்றே தெரியாமல் திரும்பி வருகிறவர்கள். மூன்றாவது ரகம், குடும்பத்தோடு போய் ஸ்வெட்டர் பேரம் பேசி, இரண்டு கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு, 'என்ன பெரிய குளிர்... நம்ம ஊர் மார்கழி தேவலை' என்கிறவர்கள்.

நானும் என் நண்பனும் நான்காவது ரகம். ஊட்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, மலை அடிவாரத்திலேயே இறங்கிவிட்டவர்கள்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு இடம் கிடைக்கவில்லை. 46 கிலோமீட்டர் தூரத்தில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு, நடுவில் பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்து ஏறுகிற ரயில். 2005-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்த பிறகு, அதில் ஸீட் கிடைப்பது கவர்ன்மென்ட் உத்தியோகம் கிடைக்கிற மாதிரி. எனவே பஸ்.

நண்பனைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். வயது 32. ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். வீட்டில் மும்முரமாகப் பெண் பார்க்கிறார்கள். போட்டோவுக்கு ஊட்டி பேக்ரவுண்ட் வேண்டும் என்று பையில் ஆறு சட்டைகளோடு வந்திருந்தான். சிவப்பிலிருந்து சாம்பல் வரை.

"மாப்ளே, எந்தச் சட்டை போடறது? பளிச்சுனு கண்ணுல படணும். ஆனா மாமனாருக்குச் சந்தேகம் வரக் கூடாது."

சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், உலகத்தில் உள்ள அத்தனை ஜீவராசிகளுக்கும் இதே பிரச்னைதான். கண்ணில் பட வேண்டியவர் கண்ணில் பட வேண்டும், படக் கூடாதவர் கண்ணில் படக் கூடாது. ஓணான், மீன், பட்டாம்பூச்சி எல்லாம் பல லட்சம் வருஷமாக இந்தச் சட்டைப் பிரச்னையைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. அதை நேரில் பார்க்க நீலகிரியின் அடிவாரம் மாதிரி வசதியான இடம் கிடையாது. அதனால்தான் கல்லாற்றில் இறங்கினேன்.

கல்லாற்றில் பாக்குத் தோப்பும் பலாவும் ஆற்றோர ஈர மணலும் உண்டு. அந்த ஈர மணலில் உப்பு உறிஞ்சப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக உட்காரும். ரேஷன் கடை க்யூ தோற்றது.

சாலையோரத்தில் ஒரு பழக்கடை. பெரியவர் ஒருவர் மங்குஸ்தான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, பஸ்ஸை விட்டுப்போட்டீங்களா?"

"இல்லீங்க ஐயா, பட்டாம்பூச்சி பார்க்க வந்தோம்."

ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த கறிவேப்பிலைச் செடியைக் காட்டினார். "அங்க போய்ப் பாருங். தெனமும் வருது."

வந்தது. கறுப்புச் சிறகு, பின் சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறை. மெதுவாக, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பறந்து வந்து, ஓர் இலையின் மேல் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்தது.

"ரோஜா அழகி!" என்றேன், புத்தகத்தில் பார்த்த படத்தை நினைத்துக்கொண்டே, பரீட்சை வைக்கிற தொனியில்.

"உடம்பப் பாருங் தம்பி. ரோஜாப் பூச்சிக்கு உடம்பு செவப்பா இருக்கோணும். இதுக்குக் கறுப்பு. இது டூப்ளிகேட்டுங்" என்றார் பெரியவர், மங்குஸ்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நூற்றுக்கு நூறு சரி. அது கறிவேப்பிலை அழகி. பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் எல்லாருக்கும் அதைத் தெரியும். கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் காக்கை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் பால்யத்தில் இந்த அழகி. எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? கொஞ்சம் வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டையை நீட்டி நாற்றம் விடும்.

வளர்ந்து சிறகு முளைத்த பிறகுதான் கதையே. ஆண்களுக்கு ஒரே யூனிஃபார்ம்: கறுப்பு, பின் சிறகில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். பெண்களில் மூன்று ரகம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இரண்டாவது, ரோஜா அழகி என்கிற வேறொரு பட்டாம்பூச்சியின் அச்சு. மூன்றாவது, சிவப்புடல் அழகி என்கிற இன்னொன்றின் அச்சு. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து மூன்று ரகமும் வரலாம். இங்கிலீஷ்காரர்கள் இதைப் பார்த்து, 'ஒரு புருஷனுக்கு இத்தனை விதமாகப் பெண்டாட்டிகளா' என்று வியந்து, அந்தக் காலத்தில் பலதார மணம் செய்துகொண்ட மார்மன் சபையின் பெயரை வைத்துவிட்டார்கள்.

எதற்கு இந்த வேஷம்? அசல் ரோஜா அழகி குழந்தைப் பருவத்தில் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளைத் தின்று வளர்கிறது. பெயரைக் கவனியுங்கள்: ஆடு-தின்னா-பாளை. ஆடே தின்னாத செடி! அதில் இருக்கிற நஞ்சு மனிதனின் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். அந்த நஞ்சைப் புழு தன் உடம்பிலேயே டெபாசிட் செய்து வைத்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் அக்கவுண்ட் க்ளோஸ் ஆவதில்லை. அதைக் கொத்துகிற பறவைக்கு வாய் கசந்து, வயிறு புரட்டி, ஜென்மத்துக்கும் மறக்காது. அடுத்த தடவை சிவப்பு, கறுப்பு, வெள்ளை காம்பினேஷனைக் கண்டாலே, 'ஐயோ, அந்த ஓட்டலா' என்று திரும்பிவிடும். அதனால்தான் ரோஜா அழகி ஒளிந்துகொள்வதில்லை, அவசரப்படுவதும் இல்லை. பளிச்சென்று உடுத்தி, நிதானமாகப் பறக்கிறது.

பி.காம். படித்தவனுக்கு இது உடனே புரியும். மெர்க்கன்டைல் லா பேப்பரில் வருகிற குட்வில், டிரேட் மார்க் சமாச்சாரம். ஒருவன் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த நல்ல பெயரை, இன்னொருவன் அதே லேபிள் ஒட்டி விற்பது. கறிவேப்பிலை தின்று வளர்ந்ததன் உடம்பில் விஷமும் இல்லை, கசப்பும் இல்லை. லேபிள் மட்டும்தான். நடையைக்கூட காப்பி அடித்து மெதுவாகப் பறக்கிறது. கையை ஓங்குங்கள், வேஷம் கலைந்து தன் சொந்த வேகத்தில் தாறுமாறாக ஓட்டம் பிடிக்கும்.

இந்தக் கூத்தை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். பதின்மூன்று வயதில் காலுறைக் கம்பெனியில் தொழில் பழகப் போன ஆசாமி. பிறகு அமேசான் காட்டில் பதினோரு வருஷம் அலைந்து, 1862-ல் இதை எழுதினார். நம் கறிவேப்பிலை அழகியின் பல வேஷங்களை 1865-ல் விளக்கியவர் அவருடைய சிநேகிதர் வாலஸ். வேஷத்தின் சாவி எது என்பது தெரிய 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குந்தேயும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்: 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஒரு மரபணு. பூச்சி ஆணா பெண்ணா என்பதில் வேலை செய்கிற மரபணுவே சட்டை டிசைனையும் பார்த்துக்கொள்கிறது. ஆணிடமும் அந்த மரபணு இருக்கும். டிசைன் மட்டும் வெளியே வராது.

நண்பன் இங்கேதான் குறுக்கிட்டான். "அது சரி... ஆம்பளைங்களுக்கு மட்டும் ஏன் பாதுகாப்புச் சட்டை கிடையாது?"

நியாயமான கேள்வி. ஒரு விளக்கம், தேவை பெண்ணுக்குத்தான் அதிகம் என்பது. வயிறு நிறைய முட்டையோடு, செடி செடியாக நின்று நின்று பறக்கிறவள் பறவையிடம் எளிதாக மாட்டுவாள். இன்னொரு விளக்கம்தான் நண்பனுக்கு வேண்டியது: ஆண் தன் பழைய யூனிஃபார்மை மாற்றினால், பெண்ணுக்கு அடையாளமே தெரியாமல் போகலாம். உயிர் பிழைத்து என்ன பிரயோஜனம், பெண் கிடைக்காவிட்டால்!

ஆக, ஒரு சட்டையை இரண்டு ஜோடிக் கண்கள் சேர்ந்து தைக்கின்றன. ஒன்று கொல்ல வருகிற கண். இன்னொன்று கல்யாணம் பண்ண வருகிற கண்.

இரண்டு கண்களையும் ஒரே சட்டையில் சமாளித்த கெட்டிக்காரன் ஒருவனைக் கல்லாற்றுக்கு மேலே, பர்லியார் பக்கம் பார்த்தோம். நிழலான பாதையில் நீலமாக ஒன்று சரேலென்று பறந்து, ஒரு மரத்தில் உட்கார்ந்தது. கிட்டே போனால் காணோம். காய்ந்த இலை ஒன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்தது, நடு நரம்பு, காம்பு, பூஞ்சைப் புள்ளி சகிதம். நண்பன் விரலை நீட்டியதும் அந்த 'இலை' நீலமாகத் திறந்துகொண்டு பறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலைப் பட்டாம்பூச்சி. சிறகின் உள்பக்கம் உறவினருக்கு, வெளிப்பக்கம் ஊருக்கு. இந்த வேஷம் ஒரே நாளில் வந்ததல்ல. இதன் உறவுக்காரப் பூச்சிகளின் சிறகுக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, கோடு கோடாக, படிப்படியாகத்தான் இலை உருவாகியிருக்கிறது என்று 2014-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

குன்னூர் மலைப்பாதையில் வெயில் ஏறிய பாறைகளில் இன்னொரு வழி தெரிந்தது. பாறை ஓணான். பெண் பாறையின் நிறத்திலேயே இருக்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண், சீசனில் சிவப்பும் கறுப்புமாகப் பாறை உச்சியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும். பருந்துக்குத் தந்தி அடிப்பது போலத்தான். ஆனால் ஆசாமி விவரமானவன். வேண்டும்போது நிறத்தை ஏற்றுவான், வேண்டாதபோது இறக்குவான். போட்டிக்கு இன்னோர் ஆண் வந்தால் முதுகில் மஞ்சள். பெண் வந்தால் முதுகில் சிவப்பு, பக்கவாட்டில் கறுப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மரியா தாக்கரும் சகாக்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சண்டைக்கு வேகமாக மாறுகிறான், காதலுக்கு 'கான்ட்ராஸ்ட்' கூட்டுகிறான். இன்னொன்றும் கண்டார்கள்: நகரத்து ஓணானின் நிறம் கிராமத்து ஓணானைவிட மங்கல், மாறுவதும் மெதுவாக.

"தினமும் பஸ்ல தொங்கிட்டு ஆபீஸ் போனா அப்படித்தான் ஆகும்" என்றான் நண்பன் பெருமூச்சோடு.

இரவு குன்னூரில் நல்ல மழை. லாட்ஜில் சூடான டீயும் வர்க்கியும். நண்பனின் சந்தேகம் தீரவில்லை. "கொல்ற கண்ணு ஜெயிக்குமா, கட்டிக்கிற கண்ணு ஜெயிக்குமா?"

இதற்குப் பரீட்சை வைத்தே பதில் கண்டவர் ஜான் எண்ட்லர். மாணவர்: கப்பி மீன். நம் ஊரில் கொசுப்புழு தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிறார்களே, அதே குட்டி மீன். அதன் சொந்த ஊர்களில் ஒன்று டிரினிடாட் தீவு. அங்கே பெரிய மீன் எதிரிகள் இருக்கும் ஓடைகளில் ஆண் கப்பிகள் மங்கலாக இருந்தன. எதிரி குறைந்த ஓடைகளில் பளபள. 1976-ல் எண்ட்லர் எதிரி நிறைந்த ஓடையிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, ஆபத்து குறைந்த ஓடையில் விட்டார். இரண்டே வருஷம். பேரன், கொள்ளுப்பேரன்கள் எல்லாம் கலர் கலராக!

தொட்டி வைத்தும் பார்த்தார், அடியில் பொடிக்கல், பெரிய கல் என்று விதவிதமாகப் பரப்பி. எதிரி இருந்த தொட்டிகளில் கப்பியின் பொட்டு, கல்லின் அளவுக்கே வந்து கல்லோடு கல்லாகக் கலந்தது. எதிரி இல்லாத தொட்டிகளில் பொட்டு, கல்லுக்கு எதிர்மாறாக எடுத்துக் காட்டியது. கொல்கிற கண் இருந்தால் பின்னணியோடு கலந்துகொள். இல்லாவிட்டால் பின்னணியிலிருந்து விலகி நில். இவ்வளவுதான் சட்டம். முடிவை 1980-ல் எழுதினார்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் 2020-ல் வந்தது. அமெரிக்க ஓடைகளில் டார்ட்டர் என்ற சிறு மீன்கள். பத்து இனங்களை ஆராய்ந்ததில், ஆணின் உடம்பிலிருந்த வடிவங்கள் அது வாழும் இடத்தின் வடிவங்களை ஒத்திருந்தன. வெறும் ஒளிவு மறைவு என்றால் பெண்ணுக்கும் அப்படி இருக்க வேண்டுமே? பெண்ணுக்கு இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: தினமும் பார்த்துப் பழகிய இடத்தின் வடிவம் கண்ணுக்குச் சிரமம் தராது. சிரமம் தராதது பிடித்துப் போகிறது. ஆகவே ஊரின் சாயலில் வருகிற மாப்பிள்ளைக்கு மவுசு.

நண்பன் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் ஆறு சட்டைகளையும் பையிலேயே வைத்துவிட்டு, முதல் நாள் போட்டிருந்த கசங்கிய நீலச் சட்டையில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். பெண் வீட்டுக் கண்ணுக்கு அதுதான் பழகிய நிறமாம். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இதுவரை இரண்டு ஜோடிக் கண். மூன்றாவது ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நான் பழக்கடைப் பெரியவருக்குத் துரோகம் செய்தவனாவேன். கிளம்பும்போது அவர் சொன்னார்:

"முன்னெல்லாம் இந்த வேலி முச்சூடும் ஈஸ்வரமூலி படர்ந்து கெடக்கும் தம்பி. அசல் ரோஜாப் பூச்சி அம்புட்டு வரும். இப்ப வர்றவங்க காரை நிறுத்தி போட்டோ எடுக்கறதுக்கு எடம் சுத்தமா இருக்கோணும்னு, வேலியை வெட்டி மருந்தடிச்சுப்போட்டாங்க. செடி போச்சு. பூச்சியும் கொறஞ்சுபோச்சுங்."

செடி போனால் பூச்சி போகும், சரி. கணக்கு அதோடு நிற்பதில்லை. ஈஸ்வரமூலி இல்லையென்றால் அசல் விஷமுள்ள ரோஜா அழகி இல்லை. அசல் இல்லையென்றால் புதிதாகப் பொரித்து வருகிற பறவைக் குஞ்சுக்குப் பாடம் நடத்த ஆள் இல்லை. பாடம் படிக்காத பறவைக்குச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்றால் என்ன? சாப்பாடு! மெதுவாக, ஊர்வலம் மாதிரி பறந்து வருகிற கறிவேப்பிலை அழகி தன் வேஷத்தாலேயே சாகும். கள்ள நோட்டு செல்லுபடியாவதற்கும் நல்ல நோட்டு நிறையப் புழக்கத்தில் இருக்க வேண்டும். அசலைவிட டூப்ளிகேட் பெருகிவிட்டால் இரண்டுக்குமே மதிப்பு கிடையாது.

அந்த மூன்றாவது ஜோடிக் கண் நம்முடையது. நமக்கு எது பிடிக்கிறது? ஒழுங்காக வெட்டிய புல்தரை, சீவிவிட்ட தலை மாதிரி தேயிலைச் சரிவு, களையே இல்லாத பாதை. 'ஆஹா, எவ்வளவு பச்சை!' என்கிறோம். அந்தப் பச்சையில் எத்தனை செடி இருக்கிறது என்று எண்ணுவதில்லை. பருந்தின் கண்ணும் பெண் ஓணானின் கண்ணும் லட்சக்கணக்கான வருஷத்தில் தைத்ததை, டூரிஸ்ட்டின் கண் ஒரு சீசனில் பிரித்துப் போடுகிறது. நமக்குப் பிடித்தது நிற்கிறது, பிடிக்காதது வெட்டப்படுகிறது. எண்ட்லரின் தொட்டியில் எதிரி மீன் செய்த அதே வேலை.

ஆனால் மீனுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ரசனையை மாற்றிக்கொள்ளலாம். கறுத்து அழுக்காகத் தெரிகிற புதரை, 'இதில் யார் குடியிருக்கிறார்கள்' என்று பார்க்கப் பழகிவிட்டால், அதுவும் அழகாகத்தான் தெரிகிறது. 1880-களில் நீலகிரிக்குத் தேயிலை போட வந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன் என்ற துரை அப்படித்தான் ஆனார். தேயிலையைப் பார்க்க வந்தவர் பூச்சியைப் பார்க்க ஆரம்பித்து, 1888-லேயே நீலகிரிப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி எழுதி, கடைசியில் லண்டன் மியூசியத்தில் அந்துப்பூச்சி நிபுணராகப் போய் உட்கார்ந்தார்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த தடவை ஊட்டி போகும்போது கல்லாற்றில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். மழை விட்டு வெயில் அடிக்கிற காலை நேரம் உத்தமம். ஆனால் யானை நடமாடும் இடம். சாலையை விட்டு உள்ளே போகாதீர்கள். சிவப்பு உடம்பா, கறுப்பு உடம்பா என்று பாருங்கள். சிவப்பு என்றால் அசல், கறுப்பு என்றால் டூப்ளிகேட். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், அந்த வேலியில் இன்னும் ஈஸ்வரமூலி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

லீவு கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள். இலை மேல் காக்கை எச்சம் போல ஏதாவது தெரிந்தால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எச்சம் லேசாக நகர்ந்தால் விட்டுவிடுங்கள். அது எவ்வளவு தின்றாலும் ரசத்துக்கு நாலு இலை மிச்சம் வைக்கும்.